அறைக்குள் இல்லாத பயணி

இங்கிலாந்தின் சிறு நகரொன்றில், நள்ளிரவை அண்மித்த வேளையிற் புகையிரதத்தால் இறங்கும் ஓர் இளம்பெண் நிலைய வாயிலில் நிற்கும் வாடகைக்காரின் பின்கதவைத் திறந்து ஏறி அமர்கின்றாள். சாரதியை அவள் முன்பின் அறியாள். அவர் எங்கே வாழ்பவர், எத்தகைய குணமுடையவர் என்பன பற்றி விசாரிக்க அவளுக்கு நேரமுமில்லை, வழியுமில்லை. அவள் காண்பது காரின் பின்புறத்தில் உள்ள இலக்கத்தகட்டையும் சாரதி அணிந்திருக்கும் அடையாள வில்லையையும் மாத்திரமே. தன் பொருட்டு யாரோ முன்கூட்டியே விசாரித்திருக்கின்றனர் என்ற நம்பிக்கையிலேயே அவள் கதவைச் சாத்திக்கொள்கின்றாள்.

அவ்வாறு விசாரிக்கும் பொறுப்பு, இலண்டனுக்கு வெளியே இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூராட்சிச் சபைகளைச் சார்ந்தது. விண்ணப்பிப்பவர் தகுதியும் பொருத்தமும் வாய்ந்தவர் எனச் சபை திருப்தியுற்றாலன்றி அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது என்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. ஆயினும், தகுதி என்பது யாது என அச்சட்டம் வரையறுக்கவில்லை. 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் பிங்ஹாம் பிரபு அதனை ஓரளவு விளக்கினார். சாரதி பாதுகாப்பாக வாகனம் ஓட்டுபவராகவும், மதுவெறியற்றவராகவும், உடல்நலமும் உளநலமும் நேர்மையும் உடையவராகவும், தம் தொழிலைப் பயன்படுத்திப் பயணிகளுக்குத் தீங்கிழைக்காதவராகவும் இருத்தல் வேண்டும் என்பதே அவ்விளக்கத்தின் சாரம்.

இவற்றுள் இறுதியிற் கூறப்பட்டதே அளப்பதற்கு அரியது. வாகனம் ஓட்டும் திறமையைப் பரீட்சித்து அறியலாம். கண்பார்வையை வைத்தியர் சோதிக்கலாம். இலண்டனின் கறுப்பு டாக்ஸிச் சாரதிகள் 1865ஆம் ஆண்டிலிருந்து நகர வீதிகள் பற்றிய கடினமான பரீட்சையொன்றுக்குத் தோற்றி வருகின்றனர். ஏறத்தாழ 25,000 வீதிகளை அவர்கள் மனத்தில் இருத்த வேண்டியுள்ளது. ஆயின், பாதையை நன்கறிந்தவரெல்லாம் பயணியைப் பாதுகாப்பவர் ஆகிவிடுவதில்லை. அதே நகரில் டாக்ஸி அனுமதிப்பத்திரம் பெற்றிருந்த ஜோன் வோர்போய்ஸ் என்பவர், தம் காரில் ஏறிய பெண்களுக்கு மயக்கமருந்து கலந்த பானத்தைக் கொடுத்து வன்முறை புரிந்தமைக்காக 2009இற் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஒரு பெண் 2003ஆம் ஆண்டிலேயே பொலிஸாரிடம் முறையிட்டிருந்தாள். அவ்விசாரணையின் குறைபாடுகளுக்குப் பொலிஸார் பொறுப்புடையவர்கள் என உச்ச நீதிமன்றம் 2018இலேயே தீர்ப்பளித்தது.

ஆகவேதான், தகுதி பற்றிய கேள்வி அனுமதிப்பத்திரம் வழங்கப்படும் நாளோடு முடிந்துவிடுவதில்லை. நேர்மையீனம், ஒழுக்கக்கேடு, வன்முறை ஆகியன சார்ந்த குற்றத்தீர்ப்பு இருப்பினும், வேறெந்த நியாயமான காரணம் இருப்பினும், அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்தவோ நீக்கவோ புதுப்பிக்க மறுக்கவோ சபைக்கு அதிகாரமுண்டு.

அத்தகைய மீளாய்வொன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். நீண்ட மேசையின் ஒரு புறத்தே சபை உறுப்பினர் மூவர்; அருகே சட்ட ஆலோசகர்; எதிரே நடுவயதைத் தாண்டிய சாரதி. பன்னிரண்டு ஆண்டுகளாக இத்தொழிலில் இருப்பவர். வேறொரு நாட்டிலிருந்து வந்து, படித்த படிப்புக்கேற்ற வேலை கிடையாமல், இரவெல்லாம் காரோட்டிப் பிள்ளைகளைப் படிப்பிப்பவர். இலங்கைத் தமிழர் உட்படப் புலம்பெயர்ந்தோர் பலருக்கு வாழ்வளித்த தொழில் இது. அவர் மீது நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் இல்லை. ஆனால், ஒருவரையொருவர் அறியாத இரு பெண்கள், ஓராண்டு இடைவெளியில், ஒரே வகையான முறைப்பாட்டைச் செய்துள்ளனர். தனியே பயணஞ் செய்தபோது அவர் தகாத கேள்விகளைக் கேட்டார். சொன்ன பாதையை விட்டு விலகிச் சென்றார். இறங்கும்போது தொலைபேசி இலக்கத்தைத் தருமாறு வற்புறுத்தினார். முதலாவது முறைப்பாட்டின் பின் அவருக்கு எழுத்தில் எச்சரிக்கை வழங்கப்பட்டிருந்தது.

நட்பாகப் பேசியதைத் தவறாக விளங்கிக்கொண்டனர் என்கிறார் சாரதி. பின்னர், குரல் தளர, வீட்டுக்கடனைப் பற்றியும் மனைவியின் நோயைப் பற்றியும் கூறுகின்றார். அவர் கூறுவன யாவும் உண்மையே. அறையில் உள்ளோர் எவரும் கல்நெஞ்சர் அல்லர். எனினும், அக்கண்ணீரை அவர்கள் தராசில் இடலாகாது. அனுமதிப்பத்திரத்தை இழப்பதால் சாரதியின் வாழ்க்கைக்கு நேரும் பாதிப்பு, அவரது நடத்தையை விளக்குவதற்கு உதவினாலன்றி, தீர்மானத்திற்குப் பொருந்தாதது என 2002ஆம் ஆண்டில் லீட்ஸ் நகரசபை சம்பந்தமான வழக்கில் மேல் நீதிமன்றம் கூறிற்று.

முதன்முறை கேட்போருக்கு இது கொடுமையாகத் தோன்றும். குற்றஞ் செய்தவனுக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதிகூட அவனுடைய குடும்பநிலையைக் கருத்திற் கொள்வதுண்டு. அங்ஙனமாயின், குற்றவாளியெனத் தீர்க்கப்படாத ஒருவருக்கு அந்த இரக்கம் ஏன் மறுக்கப்பட வேண்டும்? விடை, இம்மீளாய்வு தண்டனை அன்று என்பதில் தங்கியுள்ளது. செய்ததற்கு என்ன கூலி என்று சபை கேட்பதில்லை; இனி ஏறப்போகும் பயணியை இவரிடம் ஒப்படைக்கலாமா என்றே கேட்கின்றது. அரசாங்கம் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட நியமங்களும், தமக்கு வேண்டிய ஒருவரை எந்நேரத்திலும் இவரது காரில் தனியே அனுப்பச் சம்மதிப்பீர்களா என்று உறுப்பினர்கள் தம்மையே கேட்டுக்கொள்ளுமாறு பணிக்கின்றன. சாரதி அறைக்குள் இருக்கின்றார். அவருடைய துயரம் கண்முன் நிற்கின்றது. பயணியோ அங்கு இல்லை. அவளுக்குப் பெயருமில்லை, முகமுமில்லை. அவளுக்காகப் பேச வேறெவரும் இல்லாதபடியால் சபையே பேச வேண்டியுள்ளது.

அவ்வாறு பேசத் தவறினால் நேர்வது யாது என்பதற்கு ரொதர்ஹாம் நகரின் வரலாறு சான்று. 1997க்கும் 2013க்கும் இடையில் ஏறத்தாழ 1,400 சிறார் அங்கு பாலியற் சுரண்டலுக்கு ஆளாகினர் எனப் பேராசிரியர் அலெக்ஸிஸ் ஜேயின் 2014ஆம் ஆண்டு அறிக்கை மதிப்பிட்டது. அத்தீமையில் டாக்ஸிச் சாரதிகள் சிலருக்கிருந்த பங்கையும் அது எடுத்துக்காட்டியது. அடுத்த ஆண்டில் வெளிவந்த லூயிஸ் கேஸியின் அறிக்கை, சபையின் அனுமதிப்பத்திர நிருவாகமும் தன் கடமையில் தவறியதைக் கூறிற்று. ஒரு சபையால் நீக்கப்பட்டவர் அயற்சபையிடம் விண்ணப்பிக்கும்போது பழைய விபரம் மறைந்துவிடாதிருக்கும் பொருட்டு, 2022ஆம் ஆண்டுச் சட்டமொன்று பொதுத் தரவுத்தளம் ஒன்றைப் பயன்படுத்தும் கடமையைச் சபைகளுக்கு விதித்தது.

இத்தனையும் கூறியபின், சாரதிக்குரிய நீதியையும் மறத்தல் கூடாது. கட்டணந் தர விரும்பாதவன் பொய் முறைப்பாடு செய்யலாம். நிறவெறி கொண்டவன் வேண்டுமென்றே பழி சுமத்தலாம். இங்கு ஐயத்திற்கிடமற்ற நிரூபணம் வேண்டப்படுவதில்லை. நடந்திருக்கக்கூடியது எது என்பதே கணிக்கப்படுகின்றது. நிரூபணத்தின் அளவு குறையுந்தோறும் விசாரிப்போரின் பொறுப்புக் கூடுகின்றது. சாரதியை முழுமையாகக் கேட்டல், முறைப்பாட்டை உண்மையாகவே சோதித்தல், தீர்மானத்திற்குக் காரணங் கூறல் என்பன அவருக்குச் செய்யப்படும் சலுகைகள் அல்ல. 21 நாட்களுக்குள் நீதவான் நீதிமன்றத்திற்கு மேன்முறையீடு செய்யும் உரிமையும் அவருக்குண்டு. இரக்கத்தைத் தராசில் இடலாகாது என்பதற்காகத் தராசையே அசட்டையாகப் பிடித்தல் ஆகாது.

கற்பனையில் எழுந்த அச்சபை அனுமதிப்பத்திரத்தை நீக்கத் தீர்மானிக்கின்றது. ஒரு முறைப்பாடாயின் ஐயத்திற்கு இடமுண்டு. எச்சரிக்கையின் பின்னும் அதே முறைப்பாடு அறிமுகமற்ற மற்றொருத்தியிடமிருந்து எழுந்ததால் அந்த இடம் சுருங்கிவிட்டது. சாரதி எழுந்து கதவை நோக்கி நடக்கின்றார். மறுநாள் அவரது வீட்டில் என்ன நேருமென்பதை உறுப்பினர் மூவரும் அறிவர். எவரும் உடனே பேசவில்லை. தீர்மானம் சரியானதே, சரியான தீர்மானமும் சில வேளைகளில் இலேசானதன்று. அன்றிரவும் புகையிரத நிலைய வாயிலில் யாரோ ஒருத்தி, இலக்கத்தகட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, காரின் பின்கதவைத் திறப்பாள்.