மிசினுக்கு ஒரு தகரக் கவர்

தோட்டத்துக்கு இறைக்கும் எங்கள் மண்ணெண்ணெய் மிசினுக்கு றேடியேற்றர் இல்லை. காற்றுத்தான் அதைக் குளிர்விக்கிறது.

2007 இடப்பெயர்வு முடிந்து கிரானுக்குத் திரும்பியபோது மிசினின் காற்றாடிக் கவரைக் காணவில்லை. கணவரும் இல்லை. மூன்று பிள்ளைகள். நட்ட கத்தரிக் கன்றுகள் வாடத் தொடங்கின. “தகரம்தானே அக்கா, இல்லாமலும் ஓடும்” என்றார் கராச் தம்பி. நான் சம்மதிக்கவில்லை. அவர் இருந்த காலத்தில் மிசினைக் கழற்றிப் பூட்டும்போது பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். காற்றாடி வீசும் காற்றைத் திருப்பி, சிலிண்டரைச் சுற்றியுள்ள செட்டைகளுக்கிடையே தள்ளுவது அந்தக் கவர்தான். அது இல்லாவிட்டால் காற்று வெளியே சிதறும். சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். பிறகு புது மிசினுக்கு எங்கே போவது?

பெரிய பிஸ்கட் தகரமொன்றை வெட்டினேன். முதலில் காட்போட் மட்டையில் அளவெடுத்தேன். காற்றாடியில் முட்டாமல் ஒரு விரல் இடைவெளி விட்டேன். காற்று ஒழுகும் இடங்களைப் பழைய ரியூப் றப்பரால் அடைத்தேன். சைலன்சர் பக்கம் மட்டும் றப்பர் வைக்கவில்லை, உருகிவிடும். வெளிநாடுகளில் சொந்தமாகச் சிறு விமானம் கட்டுகிறவர்களும் எஞ்சினைச் சுற்றி அலுமினியத் தகடும் றப்பரும் வைத்து இப்படித்தான் காற்றைக் கட்டுப்படுத்துகிறார்களாம். பிறகுதான் அறிந்தேன், சிரிப்பும் வந்தது.

அன்று ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். கடைசிப் பாத்திவரை தண்ணீர் போனது.

சகோதரிகளே, செட்டைகளில் வைக்கோல் தூசு அடையும். மிசின் ஆறிய பிறகு பழைய பல் பிறஸ்ஸால் தட்டிவிடுங்கள்.