சிம் லிம் டவரில் தொடங்கிய கரண்டிப் பிடி

ரோச்சோர் எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வருபவர்களில் பாதிப் பேர் சிம் லிம் ஸ்குவேருக்குள் போய்விடுவார்கள். அங்கே நுழையாமல் சற்றுத் தள்ளி நடந்தால், ஜாலான் புசார் தொடங்கும் இடத்தில் சிம் லிம் டவர் நிற்கிறது. பளபளப்பு இல்லாத கட்டடம். ஆனால் ஒரு சுவிட்ச், ஒரு ஃபியூஸ், ஒரு மீட்டர் வயர் என்று சில்லறையாகக் கேட்டு வாங்க, சிங்கப்பூரில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். லேசான பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை விரல்கள் சரியாக மடங்கவில்லை. சாப்பிடும்போது கரண்டி நழுவியது. கடையில் வாங்கிய தடித்த பிடிக் கரண்டியும் அவர் கைக்கு ஒத்துவரவில்லை. ஊட்டிவிட வந்த அம்மாவிடம் எரிந்து விழுந்தார்.

அவர் கைக்கென்றே ஒரு பிடி செய்தால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது. அதற்கு முப்பரிமாண அச்சு இயந்திரம் வேண்டும்.

வீட்டிலேயே அதைக் கட்டலாம் என்ற துணிச்சலைக் கொடுத்தது ‘ரெப்ராப்’. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005ல் தொடங்கிய திட்டம். தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டுத்தரும் மலிவான இயந்திரம்தான் நோக்கம். வரைபடங்களை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

மோட்டார்களை இணையத்தில் வாங்கிவிட்டேன். பவர் சப்ளையும் வயர்களும் டவரில். கடைக்கார சீன அங்கிளிடம் அப்பா பழைய பாசார் மலாயில் பேச ஆரம்பித்ததும் நான் பை தூக்குகிற ஆளாகிவிட்டேன். “உள்ளே 230 வோல்ட் போகுதுடா. ஃபியூஸ் இல்லாம இது நம்ம வீட்டுக்குள்ள வராது” என்று அவரே தேர்ந்தெடுத்தார்.

திரும்பும்போது சுங்கை ரோடு பக்கம் நடந்தோம். 2017 ஜூலையில் மூடப்பட்ட பழைய பொருள் சந்தை இருந்த இடம். அப்பாவின் வெர்னியர் காலிப்பர் அங்கே பேரம் பேசி வாங்கியதுதான்.

எங்கள் மூவறை வீட்டின் சாப்பாட்டு மேசை நான்கு வாரம் பட்டறையானது. மொத்தச் செலவு சுமார் 350 வெள்ளி. அதே விலைக்கு ஆயத்த இயந்திரமே கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதைப் பிரித்து மாட்டும் வேலை அப்பாவுக்குக் கிடைத்திருக்காது.

முதலில் அச்சிட்ட வட்டம் முட்டையாக வந்தது. அப்பா பெல்ட்டை இடது கையால் அழுத்திப் பார்த்து, “தொய்வு” என்றார். இறுக்கியதும் வட்டமானது. அடுத்தது என் முறை. அச்சு முனையில் ‘பட் பட்’ என்று மெல்லிய சத்தம். ஒலிபெருக்கி கரகரப்பையே கேட்டுப் பழகிய காது பிடித்துவிட்டது. நம் ஊர் ஈரப்பதத்தைப் பிளாஸ்டிக் இழை உறிஞ்சியிருந்தது. 200 டிகிரிச் சூட்டில் அந்த ஈரம் கொதித்து வெடித்தது. இப்போது இழைச்சுருள் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் தூங்குகிறது.

பிறகு பிடி. முதலாவது ஒல்லி. இரண்டாவது வழுக்கியது. மூன்றாவது பொருந்தியது, ஆனால் அம்மா வெந்நீரில் கழுவ, கோணிக்கொண்டது. பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகும். எங்களுக்கு அது தெரிந்தது அன்றுதான்.

நான் சலித்துக்கொண்டேன். அப்பா சிரித்தார். “பட்டறையில ஒரு துண்டைத் தப்பா வெட்டினா ஃபோர்மேனுக்குப் பதில் சொல்லணும். இதுக்கு எவ்வளவு ஆச்சு?” கணக்குப் போட்டேன். 12 கிராம் பிளாஸ்டிக், 30 காசு. “அப்ப இன்னொண்ணு போடு.”

நான்காவது பிடியில் விரல் பதியும் பள்ளங்களை அவரே வரைந்து கொடுத்தார். அன்று இரவு ரசம் சோற்றை மெதுவாக, தானே சாப்பிட்டு முடித்தார். அம்மா தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

ஐந்தாவது பிடிக்கும் அளவு வந்துவிட்டது. அது கரண்டிக்கு அல்ல, அவருடைய பழைய அரத்துக்கு. இந்தச் சனிக்கிழமை மறுபடியும் டவருக்குப் போகிறோம்.