டெக்சாஸில் ஒரு கரிசல் காடு

அவருக்கு கௌபாய் படம் என்றாலே ஆகாது. தொப்பி, குதிரை, புழுதி, டுமீல் டுமீல்! எல்லாம் ஒரே படம்தான் என்பார். கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

கௌபாய் பைத்தியம் அவருடைய அண்ணனுக்குத்தான். சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் கதை வந்துவிட்டால் போதும், அண்ணனுக்குச் சோறு இறங்காது. 1948-ல் இத்தாலியில் பிறந்த அந்த டெக்சாஸ் ரேஞ்சர், தீப்பெட்டி ஊர்களில் தமிழ் பேசித் திரிந்த காலம் அது. தம்பி புத்தகத்தைத் தொட்டால் அடி விழும். கௌபாய் மீதான வெறுப்பு அங்கேயே ஆரம்பித்திருக்கலாம்.

அண்ணனோடு பேசி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக, அம்மா பேரில் இருந்த மூன்று ஏக்கர் கரிசல் காட்டை அண்ணன் அடமானம் வைத்தார். அம்மா பிழைக்கவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?" என்று துக்க வீட்டிலேயே கத்திவிட்டு பஸ் ஏறியவர்தான்.

தீபாவளி லீவுக்கு வந்த மகள் ஒரு படத்தைப் போட்டாள். "பத்து நிமிஷம் பாருங்கப்பா. பிடிக்கலைன்னா மாத்திருதேன்."

'ஹெல் ஆர் ஹை வாட்டர்'. 2016-ல் வந்த படம். டேவிட் மெக்கென்சி இயக்கம், டெய்லர் ஷெரிடன் எழுத்து. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. கதை நடப்பது மேற்கு டெக்சாஸில், நம் காலத்தில். குதிரையைவிட காருக்குத்தான் வேலை அதிகம்.

அண்ணன், தம்பி இருவரும் வங்கிக் கிளைகளைக் கொள்ளையடிக்கிறார்கள். ஏன்? இறந்துபோன அம்மாவின் நிலம் கடனில் மூழ்கப்போகிறது. எந்த வங்கி நிலத்தை எடுக்கப் பார்க்கிறதோ, அதே வங்கியின் பணத்தை எடுத்து அதன் கடனை அடைக்கிறார்கள்! அவர்களைத் துரத்தும் வயதான ரேஞ்சராக ஜெஃப் பிரிட்ஜஸ்.

பத்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. சாலையோரமெல்லாம் கடன் விளம்பரப் பலகைகள். காய்ந்த புல்வெளி, ஆளில்லாத கடைத்தெரு. மழை பொய்த்த வருஷம் எட்டயபுரம் ரோட்டில் போவது போலவே இருந்தது அவருக்கு. அவர் கடைக்கு தினமும் பட்டா, சிட்டா, நகைக்கடன் ரசீது என்று நகல் எடுக்க வருகிறவர்களின் முகம்தான் அந்த ஊர்க்காரர்களுக்கும்.

ஓர் இடத்தில் ரேஞ்சரின் கூட்டாளி, பூர்வகுடி ரத்தம் உள்ளவர், எதிரே இருக்கும் வங்கியைக் காட்டிப் பேசுகிறார். இது எங்கள் மூதாதையர் மண். உங்கள் தாத்தாக்கள் பறித்தார்கள். இப்போது உங்களிடமிருந்து அவர்கள் பறிக்கிறார்கள் என்கிற அர்த்தத்தில். "ஏட்டி, சத்தத்தைக் கூட்டு" என்றார் மகளிடம்.

அவரை அசைத்தது துப்பாக்கிச் சண்டை இல்லை. படத்தின் அண்ணன் முரடன், ஜெயிலுக்குப் போய் வந்தவன். அந்த நிலத்தில் அவனுக்கென்று ஒரு பிடி மண்கூட வரப்போவதில்லை. தம்பி கேட்டான் என்பதற்காக மட்டுமே கூட வருகிறான். வறுமை தலைமுறை தலைமுறையாகத் தொற்றும் நோய், அது என் பிள்ளைகளோடு ஒட்டக்கூடாது என்கிறான் தம்பி.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள், "எப்படிப்பா?"

பதில் சொல்லாமல் வாசலுக்குப் போனார். போனை எடுத்தார். நாலாவது மணியில் எடுக்கப்பட்டது.

"அண்ணே... ஒரு கௌபாய் படம் பாத்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "யாரு, நீயா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. காட்டுல என்ன போட்டிருக்க?"

"உளுந்துதான். ரெண்டு மழை பெஞ்சிருக்கு."

"அடமானம் இன்னும் எவ்வளவு பாக்கி?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்ல."

"பாதி என்னுது. ஞாயித்துக்கிழமை வாரேன்."

போனை வைக்கப்போகும்போது அண்ணன் கேட்டார்: "ஏலே, அந்தப் படத்து பேரு என்ன?"