உட்காரக் கூடாது

லண்டனில் ஜூன் மாதத்தைக் கோடை என்று சொல்லிக்கொள்கிறார்கள். தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், குளோப் நாடக அரங்கின் வாசலில், பிற்பகல் 2 மணிக் காட்சிக்கு நின்ற வரிசையில் பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். அதே ஆட்களின் தோள்பையிலிருந்து மழைக்கோட்டும் எட்டிப் பார்த்தது.

எனக்குத் தரை டிக்கெட். அப்போது 5 பவுண்டு. ஊரில் டென்ட் கொட்டகைத் தரை டிக்கெட் என்றால் மணலைக் குவித்து மேடு கட்டி ராஜா மாதிரி உட்காரலாம். முன்னால் இருப்பவன் தலை மறைத்தால் இன்னும் இரண்டு கை மணல். இங்கே தரை உண்டு, உட்காரத்தான் கூடாது. சுற்றிலும் மூன்றடுக்கு மாடங்கள். அவற்றில் மரப் பெஞ்சுகள், தலைக்கு மேல் நாணல் கூரை. நடுவே வட்ட முற்றம், அதற்கு மேலே வெறும் வானம். முற்றத்தில் 700 பேர் நிற்கலாம். அன்று ஏறக்குறைய நிறைந்திருந்தது.

அரங்கு பார்க்கத்தான் பழசு. 1599-இல் எழுந்த குளோப் 1613-இல் எரிந்துபோனது. நாடகத்துக்காகச் சுட்ட பீரங்கியின் பொறி கூரையில் விழுந்து பற்றிக்கொண்டது. ஒருவருடைய கால்சட்டையில் தீப்பிடிக்க, பீரை ஊற்றி அணைத்தார்கள் என்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்று சொல்கிறது. மறு வருஷமே திரும்பக் கட்டினார்கள். 1642-இல் தூய்மைவாதிகளின் கை ஓங்கிய பாராளுமன்றம் நாடகக் கொட்டகைகளையெல்லாம் இழுத்து மூடியது. இப்போது நிற்பது சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகரின் பிடிவாதம். 1949-இல் குளோப் எங்கே என்று தேடி வந்தவருக்குச் சுவரில் பதித்த ஒரு பட்டயம்தான் கிடைத்தது. மீதி வாழ்க்கையை அந்தக் கோபத்திலேயே ஓட்டினார். 1997-இல் அரங்கு திறந்தபோது அவர் இல்லை, 1993-இலேயே போய்விட்டார்.

நாடகம் ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு'. எனக்குக் கதை தெரியும். அதனால் மேடையைப் பார்ப்பதைவிடப் பார்ப்பவர்களைப் பார்ப்பது என்று தீர்மானித்து, பக்கவாட்டில் ஒரு தூணருகே இடம் பிடித்தேன். பகல் வெளிச்சத்தில் நடக்கும் நாடகத்தில் இது ஒரு வசதி. இருட்டில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. எதிர்ப்புற முகங்கள் கொலு பொம்மைகள் மாதிரி அடுக்கடுக்காகத் தெரிந்தன.

மேடைப் பலகை ஓர் ஆள் நெஞ்சுயரம். அதன் விளிம்பில் முழங்கை ஊன்றிப் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு கூட்டம். ஒரு பெண் தாடையையே பலகைமேல் வைத்திருந்தாள். நடிகர்களின் செருப்பு அவள் மூக்கை உரசிக்கொண்டு போனது. அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் ஒவ்வொரு வேடிக்கைக்கும் அரை விநாடி முன்பே சிரித்தார். நாடகம் மனப்பாடம். பக்கத்தில் ஒரு சுற்றுலாத் தம்பதி, இங்கிலீஷ் அவ்வளவாக வராது போலிருக்கிறது, கிழவரின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அரை விநாடி தாமதமாகச் சிரித்தார்கள். ஆக, ஒரே வேடிக்கைக்கு அந்த மூலையில் மூன்று தவணைச் சிரிப்பு.

அப்புறம் அந்த அம்மாள்.

அறுபத்தைந்து வயதிருக்கும். குட்டையாகக் கத்தரித்த வெள்ளை முடி, கழுத்தில் அடையாள அட்டை. முற்றத்தின் கதவருகே நின்று கூட்டத்தை ஒழுங்கு பார்ப்பது அவர் வேலை. இவர்களுக்கு ஸ்டூவர்ட் என்று பெயர். சம்பளம் கிடையாது, தொண்டர்கள். நாடகம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள், சுவரில் சாய்ந்தபடியே வழுக்கித் தரையில் உட்கார்ந்த ஓர் இளம்பெண்ணின் தோளைத் தொட்டுக் காதோரம் ஏதோ சொன்னார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள். இன்னொரு பையன் கைப்பேசியைத் தூக்கினான். இவர் விரலை மட்டும் ஆட்டினார், கைப்பேசி இறங்கியது. சுற்றி நின்றவர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. நீல நிறக் குடையை ஊன்றுகோலாக்கி நின்ற உயரமான ஒருவர் மனைவியிடம் கண்ணைக் காட்டினார். தலைமையாசிரியை என்று அர்த்தம்.

மேடையிலும் ஒரு ஸ்டூவர்ட் உண்டு. ஆலிவியா சீமாட்டி வீட்டுக் காரியஸ்தர் மால்வோலியோ. நடுராத்திரியில் சீமாட்டியின் உறவினர் சர் டோபியும் கூட்டாளிகளும் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருக்க, இவர் இரவு அங்கியோடு ஓடிவந்து, இது வீடா சாராயக்கடையா என்கிற தோரணையில் அதட்டும் கட்டம். முற்றம் மொத்தமும் குடிகாரர்கள் கட்சி. முற்றத்திலேயே பாதிப் பேர் கையில் பீர் தம்ளர், வேறெப்படி இருக்கும்? கேலிக்கூச்சல் எழுந்தது. குடைக்காரர் திரும்பிக் கதவருகே நின்ற அம்மாளைப் பார்த்து, மனைவியை இடித்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சின்னச் சிரிப்பு இரண்டு மூன்று ஆட்களுக்குப் பரவியதையும் பார்த்தேன். அம்மாளும் பார்த்திருப்பார். மேடைக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தையே பார்த்து நிற்பதுதானே அவர் வேலை? அந்த முற்றத்தில் நாடகம் பார்க்காதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

கடிதக் காட்சி வந்தது. எஜமானி தன்மேல் காதல் கொண்டிருப்பதாக, வீட்டார் எழுதிப்போட்ட பொய்க்கடிதத்தை மால்வோலியோ எடுத்துப் படிக்கிறார். மஞ்சள் காலுறை போட்டு, அதன்மேல் குறுக்குமறுக்காக நாடா கட்டி, ஓயாமல் சிரித்துக்கொண்டு வரச் சொல்கிறது கடிதம். நடிகர் சிரிக்கப் பழகினார். முதலில் ஒரு பக்கம் உதடு விலகியது. அது பிடிக்காமல் விரலால் மறுபக்கத்தையும் தூக்கிவிட்டார். சரியாக அந்த நேரத்தில் ஒரு ஹெலிகாப்டர். சத்தம் குறையும்வரை அவர் வானத்தை அண்ணாந்து, அதே இழுத்த சிரிப்போடு, வசூலுக்கு வந்தவனை அனுப்பிவைக்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைய பெரிய சிரிப்பு அதற்குத்தான். ஷேக்ஸ்பியர் எழுதாத இடத்துக்கு. கிழவர்கூட அதற்கு முன்கூட்டிச் சிரிக்க முடியவில்லை.

இந்த நாடகத்துக்குக் கிடைத்திருக்கும் முதல் பார்வையாளர் குறிப்பும் மால்வோலியோவைப் பற்றித்தான். ஆற்றுக்கு அக்கரையில், மிடில் டெம்பிள் மண்டபத்தில், 1602 பிப்ரவரியில் பார்த்த ஜான் மேனிங்ஹாம் என்ற சட்ட மாணவர், காரியஸ்தரை ஏமாற்றும் வேலை நன்றாக இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அண்ணனைப் பறிகொடுத்துத் துக்கம் காக்கும் ஆலிவியாவை விதவை என்று தப்பாக எழுதியிருக்கிறார். கறுப்பு உடையைப் பார்த்துக் குழம்பினாரோ, சிரித்த சிரிப்பில் மற்றதைக் கோட்டைவிட்டாரோ!

இடைவேளை முடிந்ததும் தூறல் பிடித்தது. மாடத்தில் இருந்தவர்கள் கூரைக்கடியில் கொஞ்சம் பெருமையோடு உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்தில் சரசரவென்று பிளாஸ்டிக் மழைக்கோட்டுகள். நீலக்குடை விரிந்தது. மூன்றே எட்டில் அம்மாள் அங்கே. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும், குடை கூடாது. குடைக்காரர் ஏதோ வாதாடினார். அம்மாள் பதில் பேசவில்லை. தன் தலையைத் தொட்டுக் காட்டினார். வெள்ளை முடி நனைந்து ஒட்டியிருந்தது. குடை மடங்கியது.

மஞ்சள் காலுறைக்கு ஆரவாரம் கொஞ்சநஞ்சமில்லை. அதை விவரிக்கத் தேவையில்லை.

அடுத்து இருட்டறை. மால்வோலியோவுக்குப் பைத்தியம் என்று சொல்லி அடைத்துவிடுகிறார்கள். மேடைத் தரையில் இருந்த கம்பித் தடுப்பு வழியாக இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டன. கோமாளி பாதிரியார் வேஷம் போட்டு வந்து கேள்வி கேட்டான். கூட்டம் பழைய வேகத்தில் சிரிக்கத் தொடங்கியது. ஆனால் சிரிப்பு ஒரே சமயத்தில் நிற்கவில்லை. மழை விடுகிற மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றது. முதலில் நிறுத்தியவர் கிழவர். அடுத்து, தாடையைப் பலகைமேல் வைத்திருந்த பெண். அந்தக் கைகள் அவள் முகத்துக்கு இரண்டடி தள்ளித்தான் இருந்தன. அவள் தாடையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். சுற்றுலாத் தம்பதி மட்டும் இன்னும் சிரித்தார்கள், கிழவரைப் பார்த்தார்கள், குழம்பிப்போய் நிறுத்தினார்கள். குடைக்காரர் கடைசிவரை சிரித்தார்.

முதலாம் சார்லஸ் மன்னர் தன்னிடமிருந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில், இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் மால்வோலியோ என்று தன் கையால் எழுதிவைத்திருந்தாராம். நாடகத்தில் மால்வோலியோவைத் தூய்மைவாதி ரகம் என்று ஓரிடத்தில் குத்திக்காட்டுவார்கள். கொட்டகைகளை மூடியவர்களுடைய கட்சி 1649-இல் மன்னரின் தலையையும் வாங்கியது. இது எனக்கு நினைவுக்கு வந்தது, மால்வோலியோ அழுக்கும் வைக்கோலுமாக வெளியே வந்து, உங்கள் எல்லோரையும் பழிவாங்காமல் விடமாட்டேன் என்று சொன்ன நேரத்தில். மேடையில் இருந்தவர்களைப் பார்த்துத் தொடங்கிய அந்த ஆள், முடிக்கும்போது எங்களைப் பார்த்தார். பிறகு மேடையை விட்டு முற்றத்தில் இறங்கினார். கூட்டம் வழிவிட்டது. யாரோ ஒருவர் சிரிக்கப் பார்த்து இருமலாக்கினார். காலில் ஒரு மஞ்சள் காலுறை கணுக்கால்வரை சரிந்திருந்தது. நேரே கதவை நோக்கி நடந்தார்.

அம்மாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மால்வோலியோ அவருக்கு மட்டும் லேசாகத் தலை சாய்த்துவிட்டு வெளியே போனார். தினம் நடக்கிற ஏற்பாடாகவே இருக்கலாம். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

கோமாளியின் கடைசிப் பாட்டு மழையைப் பற்றியது. நனைந்தவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பின் குளோப் வழக்கப்படி நடிகர்கள் மொத்தப் பேரும் ஆடினார்கள். மால்வோலியோவும் ஆடினார், எதுவுமே நடக்காத மாதிரி.

கூட்டம் கலைய அரைமணி ஆனது. கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. வாசல் பக்கம் திரும்பியபோது மாடத்துக்கு ஏறும் மரப்படியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஒரு காலில் ஷூ இல்லை; குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தி விட்டுக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் அவரும்தானே நின்றார். மரியாதைக் குறைவுதான், ஆனாலும் கண் அவருடைய காலுறைக்குப் போய்விட்டது. சாம்பல் நிறம்.