வெயிலில் வந்த நத்தார்

'நத்தார்' என்றால் தமிழ்நாட்டில் பலருக்கும் புரிவதில்லை. இலங்கையில் கிறிஸ்துமஸுக்கு அதுவே பெயர். போர்த்துக்கீசர் விட்டுச்சென்ற 'நத்தால்' என்ற சொல் தமிழ் நாவில் புரண்டு அப்படி ஆகியது. தென்னாபிரிக்காவின் நேட்டால் கரையும் அதே சொல்லால் பெயர் பெற்றதுதான். 1497ஆம் ஆண்டு நத்தார் வேளையில் வாஸ்கோ ட காமா அக்கரையோரம் சென்றதால் வந்த பெயர். 1860 முதல் நம்மவர்களைக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றிச் சென்றதும் அங்கேதான். அங்கே நத்தார் நடுக்கோடையில் வரும். அவர்களுடைய முதல் நத்தார் எப்படி இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு. எங்களுக்கும் அப்படியொரு நத்தார் வாய்த்தது.

நான் பிறந்தது டயகமவில். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை வழியாக ஏறிச் செல்லும் பாதையின் கோடி அது. அதற்கு அப்பால் ஹோர்ட்டன் சமவெளியின் காடு. ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரம். டிசம்பரில் வடகீழ்ப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் தூறிக்கொண்டிருக்கும். மூச்சு விட்டால் புகையும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே வெண்ணெய்போல் உறைந்துவிடும். கோயிலுக்குப் புறப்படுமுன் அம்மா அதை அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எங்கள் தலைக்குத் தடவுவார். நள்ளிரவுப் பூசைக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேயிலை மலைக்கு நடுவே நடப்போம். லயத்தில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆயினும் பாலன் குடிலுக்கு வேண்டிய சைப்ரஸ் கிளையை வெட்டி வருபவர் பக்கத்துக் காம்பிராவின் காளியம்மன் கோயில் பூசாரிதான்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்ணிப் பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1975இல், என் பதினான்காம் வயதில், எங்கள் முறை வந்தது. ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னார். அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம். முன்பெல்லாம் கப்பல் தனுஷ்கோடிக்குப் போகும். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் நிறையுமுன், நத்தாருக்கு மூன்று நாள் இருக்கையில், புயல் அந்த ஊரையே விழுங்கிவிட்டது. பிறகு மண்டபம் முகாம். எங்கள் தாத்தாவின் தலைமுறை தோட்டங்களுக்குப் போகுமுன் மருத்துவச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட இடமும் அந்த மண்டபம்தான்.

திருச்சிக்கு அருகே தாத்தாவின் கிராமத்தில் முதல் நத்தார். ஊரார் மார்கழிக் குளிர் என்று மஃப்ளரால் காதை மூடிக்கொண்டு நடந்தார்கள். எங்களுக்கோ சட்டை முதுகில் ஒட்டியது. தம்பி இரவெல்லாம் திண்ணையில் வெறுந்தரையில் கிடந்தான். சைப்ரஸுக்குப் பதிலாகச் சவுக்குக் கிளை. எண்ணெய் போத்தலிலிருந்து தண்ணீராய் ஓடியது. அம்மா கேக் செய்யவே இல்லை. கேட்டதற்கு, "இது நத்தாரு மாதிரியே இல்லயே" என்று மட்டும் சொன்னார். டயகமவில் எங்களை 'இந்தியாக்காரர்' என்றார்கள். இங்கே எங்கள் வீட்டுக்கு ஒரே வாரத்தில் 'சிலோன்காரன் வீடு' என்று பெயராகிவிட்டது. கடையில் 'போத்தல்' என்று கேட்டால் சிரிப்பார்கள்.

அன்றிரவுப் பூசையில் பாதிரியார் லூக்கா நற்செய்தியை வாசித்தார். உலகத்தாரெல்லாம் குடிமதிப்பு எழுதப்பட வேண்டும் என்று அகுஸ்து சீசர் கட்டளையிட்டதும், ஒவ்வொருவரும் தத்தம் பூர்வீக ஊருக்குப் புறப்பட்டதும், சூசை நிறைமாத மரியாளை அழைத்துக்கொண்டு பெத்லகேம் போனதும், அங்கே சத்திரத்தில் இடமில்லாமற் போனதும். ஆண்டுதோறும் கேட்ட வாசகம்தான். கோயிலில் வாய் திறவாத என் அப்பா மெல்லக் குனிந்து, "நம்ம பாஸ்போட்டு கதையைத்தானப்பா வாசிக்கிறாரு" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. கண்டியில் நாங்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்திலும் பூர்வீக ஊர் எது என்ற கேள்வி இருந்தது. அப்பா பார்த்தேயிராத ஊரின் பெயரை, தாத்தா சொல்லக் கேட்டபடி எழுதியிருந்தார்.

பத்திரிகைத் தொழிலில் குடியுரிமை பற்றி எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். 2003இல் இலங்கையில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தபோதும் எழுதினேன். அப்பா சொன்ன அந்த ஒற்றை வரிக்கு ஈடாக ஒன்றும் எழுதியதாக நினைவில்லை.

தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியிருந்தது. பின்னாளில் 'டான்டீ' என்று அறியப்பட்டவை அவை. என் சித்தி குடும்பம் கோத்தகிரிப் பக்கம் அமர்த்தப்பட்டது. 1981 நத்தாருக்கு அங்கே போனோம். ஹட்டனில் வாங்கிய கம்பளிச் சட்டையை அம்மா ஆறு ஆண்டுகள் அந்துருண்டை போட்டுப் பெட்டியடியில் வைத்திருந்தார். எடுத்துப் போட்டுக்கொண்டார், முழங்கையில் பூச்சி அரித்திருந்தது. காலையில் சித்தியின் அடுப்பங்கரையில் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை. அன்று பிற்பகலே ரவை வறுத்துக் கேக்குக்கு ஆயத்தம் செய்தார். தகரத்தின் மேலும் கீழும் தணல் போட்டு வேகவைத்த கேக் ஒருபக்கம் கருகியிருந்தது. அப்பா விடுப்பு முடிகிறது என்று அவசரப்படுத்தியும், வருடம் பிறந்து மூன்று நாள் கழித்துத்தான் நாங்கள் மலையிறங்கினோம்.