வாக்குத் தவறுதல்

மாணவர் கட்டுரைகளைத் திருத்துங்கால், 'வாக்குறுதியை உடைத்தான்' என்னுந் தொடரை யாம் அடிக்கடி காண்கின்றோம். ஆங்கில வழக்கை அடியொற்றி வந்த தொடர் இது. குடம் உடையும், குளக்கட்டு உடையும். தமிழில் வாக்கு உடைவதில்லை. அது தவறும், பிறழும், பொய்க்கும்.

இவை ஒருபொருட் சொற்கள் போலத் தோன்றினும் தம்முள் வேறுபாடுடையன. தவறுதலாவது, நடக்கும் நெறியினின்றும் கால் வழுவுதல். ஆதலின் வாக்குத் தவறியவன் மீண்டும் நெறிப்படவுங் கூடும். மீறுதலோ அறிந்தே எல்லை கடத்தல். பொய்த்தல் என்பது நம்பியிருந்தவர் பக்கம் நின்று சொல்லுஞ் சொல். வள்ளுவர் வான்சிறப்பில் இதனை மழைக்கு ஆளுகின்றார். பேராறு ஒன்றுமில்லாத நம் குடாநாட்டில், ஐப்பசி கார்த்திகையில் மாரி பொய்ப்பின் வயலுங் கிணறும் என்னாகும் என்பதை அறிந்த கமக்காரனுக்கு இச்சொல்லின் கனத்தை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொடுக்கும்போதே நிறைவேற்றும் எண்ணம் இல்லாதவனை நம்மவர் 'பேய்க்காட்டினான்' என்பர். பேச்சுவழக்காயினும் பொருள் பிசகாத சொல் அது.

நாட்டு வரலாற்றிலும் இவ்வேறுபாடு புலனாகும். 1957 யூலை 26ஆம் நாள் பண்டாரநாயக்கவும் செல்வநாயகமும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தை, பிக்குமாரின் எதிர்ப்பு முற்றியவிடத்து, 1958 ஏப்ரல் 9ஆம் நாள் பிரதமரே வெளிப்பட விலக்கினார். அது மீறுதல். 1965 மார்ச்சு 24ஆம் நாள் டட்லி சேனநாயக்கவோடு செய்துகொண்ட உடன்படிக்கையை எவரும் அங்ஙனம் உடனே விலக்கவில்லை. மாவட்டசபைத் திட்டத்தை 1968இல் அரசு கைவிடும்வரை, வானம் பார்த்த பூமிபோல மக்கள் காத்திருந்தனர். அது பொய்த்தல்.

'வாக்குத் தவறிவிட்டது', 'ஒப்பந்தம் கைவிடப்பட்டது' என எழுதும் மாணவரை, "செய்தவர் யார்?" என யாம் வினவுவதுண்டு. வாக்குத் தானே தவறுவதில்லை. தவறினவர் ஒருவர் உளர். அவரை எழுவாயாக நிறுத்தி எழுதப் பழகுதல் இலக்கணப் பயிற்சி மட்டுமன்று, அறப்பயிற்சியுமாகும்.

இந்நிறைவு விழாவிலும் நூல்நிலையத்துக்கென்றும் வறிய மாணவர்க்கென்றும் பலர் வாக்களிப்பர். அவர்தம் பெயரை எழுவாயாக வைத்து, பயனிலைக்கு இடம் விட்டுக் காத்திருப்போர் இன்றைய மாணவர். 'காத்தார்' என்பதே அவர் எழுத விரும்பும் வினை.