நடுவர் சொல்லாமல் விட்ட எச்சரிக்கை

சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் ராத்திரி லைட் போட்டு நடக்கும் கபடிப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாடிப் போனவர் கோட்டைத் தொட்டாரா இல்லையா என்று சந்தேகம் வந்துவிட்டால் போதும், இரண்டு ஊர்க்காரர்களும் உள்ளே இறங்கி விடுவார்கள். நடுவரைச் சுற்றி ஒரு கூட்டம், பத்து நிமிடம் சத்தம், அப்புறம் ஆட்டம் தொடரும். அங்கே நடுவர் தவறு செய்தால் போவது ஒரு பாயிண்ட். அடுத்த முறை பாடிப் போகும்போது எடுத்துக் கொள்ளலாம்.

குத்துச்சண்டையில் அந்த வசதி இல்லை. ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டம் மூன்று ரவுண்டு, ஒன்பது நிமிடம். தோற்றால் அடுத்த ஒலிம்பிக்குக்கு நான்கு வருடம் காத்திருக்க வேண்டும்.

பொதுவாக நம்மவர்கள் ஒரு குத்துச்சண்டைத் தோல்வியைப் பற்றிப் பேசும்போது ஜட்ஜ்களைத்தான் திட்டுவார்கள். வளையத்துக்கு வெளியே உட்கார்ந்து பாயிண்ட் போடுகிறவர்கள் அவர்கள். உள்ளே வெள்ளைச் சட்டையில் இரண்டு பேருக்கு நடுவே சுற்றிக் கொண்டிருக்கும் ரெஃப்ரியை யாரும் கவனிப்பதில்லை. 'சார்பட்டா பரம்பரை' பார்த்தவர்களுக்குக் கபிலனை ஞாபகம் இருக்கும், ரங்கன் வாத்தியாரை ஞாபகம் இருக்கும். ரெஃப்ரி முகம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஆனால் ஆட்டத்தின் போக்கை மாற்றும் சக்தி அவரிடம்தான் அதிகம். அமெச்சூர் குத்துச்சண்டையில் அவர் சொல்வது மூன்றே வார்த்தை: ஸ்டாப், பாக்ஸ், பிரேக். இந்த மூன்றை எப்போது சொல்கிறார், எப்போது சொல்லாமல் விடுகிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

இந்தியர்களுக்கு நன்றாக வலித்த உதாரணம் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நடந்தது. ஹரியானாவின் விகாஸ் கிருஷனுக்கு அப்போது வயது 20. பதினெட்டு வயதிலேயே 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், அடுத்த வருடம் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் என்று வந்தவர். ஆகஸ்ட் 3-ம் தேதி 69 கிலோ பிரிவில் அமெரிக்காவின் எரோல் ஸ்பென்சை எதிர்த்து ஆடினார். 13-11 என்று விகாஸ் ஜெயித்ததாக அறிவித்து, ரெஃப்ரி அவர் கையைத் தூக்கியும் விட்டார். அமெரிக்க ஆண்கள் அணியில் கடைசியாக மிச்சம் இருந்தவர் ஸ்பென்ஸ். இந்தத் தோல்வியோடு அவர்கள் கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சில மணி நேரத்தில் முடிவு தலைகீழானது. அமெரிக்கா புகார் கொடுத்தது. அன்றைய சர்வதேச அமைப்பான ஐபாவின் ஜூரி வீடியோவைப் போட்டுப் பார்த்தது. மூன்றாவது ரவுண்டில் மட்டும் விகாஸ் ஒன்பது முறை எதிராளியைப் பிடித்துக் கொண்டார், இரண்டாவது ரவுண்டில் கம் ஷீல்டை வேண்டுமென்றே துப்பினார், ஆகவே ரெஃப்ரி குறைந்தது இரண்டு எச்சரிக்கையாவது கொடுத்திருக்க வேண்டும் என்றது ஜூரி. அப்போதைய விதிப்படி ஒரு எச்சரிக்கைக்கு எதிராளிக்கு இரண்டு பாயிண்ட். இரண்டு எச்சரிக்கைக்கு நான்கு. 11 என்பது 15 ஆனது. 15-13, வெற்றி ஸ்பென்சுக்கு!

கணக்குப் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியும். புத்தகத்தை முடித்து, கையெழுத்துப் போட்டு, லாபத்தையும் அறிவித்த பிறகு தணிக்கையாளர் வந்து 'இங்கே இரண்டு பதிவு விட்டுப் போயிருக்கிறது' என்கிறார். பதிவு விட்டுப் போனது உண்மைதான். விகாஸ் பிடித்ததும் உண்மைதான், அதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை. முன்னிலையில் இருப்பவர் களைத்துப் போனால் எதிராளியைக் கட்டிப்பிடித்து நேரத்தைக் கடத்துவது குத்துச்சண்டையில் பழைய தந்திரம்.

ஆனால் கணக்குப் பதிவுக்கும் ரெஃப்ரியின் எச்சரிக்கைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பதிவை எப்போது போட்டாலும் தொகை ஒன்றுதான். எச்சரிக்கையை அந்த நிமிடத்தில் கொடுத்தால் அது ஆடுகிறவருக்கு ஒரு செய்தி: 'இனிமேல் பிடிக்காதே, உன் முன்னிலை போய்விட்டது.' முதல் எச்சரிக்கை காதில் விழுந்திருந்தால் விகாஸ் பிடிப்பதை நிறுத்தியிருப்பார். இரண்டாவது விழுந்திருந்தால், பின்தங்கிவிட்டோம் என்று தெரிந்து அடிக்கப் போயிருப்பார். ஜெயித்திருப்பாரா என்பது வேறு கேள்வி. ஆட்டம் வேறு ஆட்டமாக இருந்திருக்கும். ஜூரியால் பாயிண்டைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது, அந்த மூன்று நிமிடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. தவறு செய்தது ரெஃப்ரி, அபராதம் கட்டியது ஆட்டக்காரர்.

அதே வாரத்தில் நடந்த இன்னும் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் லண்டன் ரெஃப்ரிகள் எந்த நிலைமையில் இருந்தார்கள் என்று புரியும். ஜப்பானின் சடோஷி ஷிமிசு மூன்றாவது ரவுண்டில் அஜர்பைஜானின் மகோமெட் அப்துல்ஹமிதோவை அடித்த அடியில் அவர் ஆறு முறை கீழே விழுந்தார். துர்க்மெனிஸ்தான் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. கடைசியில் 22-17 என்று விழுந்தவருக்கே வெற்றி! புகாருக்குப் பிறகு முடிவு மாற்றப்பட்டது, அந்த ரெஃப்ரி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். ஷிமிசு பிறகு வெண்கலம் வாங்கினார்.

இன்னொன்று இதற்கு நேர் எதிர். ஈரானின் அலி மஸாஹெரி கியூபா வீரரைப் பிடித்துக் கொண்டே இருந்ததற்காக ஜெர்மன் ரெஃப்ரி மடமடவென்று மூன்று எச்சரிக்கை கொடுத்து அவரை வெளியேற்றி விட்டார். அவருக்குக் கிடைத்தது ஐந்து நாள் சஸ்பென்ஷன். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் விகாஸ் ஆட்டம். பிடித்ததற்கு அதிகமாக எச்சரித்தவர் தண்டிக்கப்பட்டிருக்கிறார். அடுத்து வளையத்தில் ஏறும் ரெஃப்ரிக்கு எச்சரிக்கை கொடுக்கக் கை வருமா? விகாஸ் ஆட்டத்தின் ரெஃப்ரி மனதில் என்ன ஓடியதோ யாருக்கும் தெரியாது. ஆனால் மேலே இருப்பவர்கள் ஒரு வாரத்துக்குள் இரண்டு விதமாகப் பேசினார்கள் என்பது தெளிவு.

உடனே கொடுத்தாலும் பிரச்சினை வராது என்று சொல்ல முடியாது. 1988 சியோலில் கொரியாவின் பியுன் ஜாங்-இல் தலையால் முட்டுகிறார் என்று நியூசிலாந்து ரெஃப்ரி கீத் வாக்கர் இரண்டு பாயிண்ட் குறைத்தார். பியுன் தோற்றதும் கொரிய அணியின் ஆட்களே வளையத்துக்குள் ஏறி ரெஃப்ரியை அடித்தார்கள். பியுன் வளையத்திலேயே 67 நிமிடம் உட்கார்ந்திருந்தார், கடைசியில் லைட்டை அணைத்தார்கள். நம்ம ஊர்க் கபடி ரகளை எவ்வளவோ பரவாயில்லை!

1984 லாஸ் ஏஞ்சலஸ் அரையிறுதியில் இவாண்டர் ஹோலிஃபீல்டுக்கு நடந்தது இன்னும் கொடுமை. யூகோஸ்லாவியா ரெஃப்ரி பிரேக் சொன்ன நேரத்தில் அவர் விட்ட குத்தில் நியூசிலாந்தின் கெவின் பாரி விழுந்தார். ஹோலிஃபீல்டு தகுதி நீக்கம். தலையில் அடிபட்டு விழுந்த பாரி 28 நாள் ஆடக் கூடாது என்பதால் அவராலும் இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை. ஆட்டமே இல்லாமல் தங்கம் வாங்கியவர் அண்டன் யோசிபோவிச். எந்த நாட்டுக்காரர் தெரியுமா? யூகோஸ்லாவியா. பரிசளிப்பில் அவரே ஹோலிஃபீல்டைக் கையைப் பிடித்துத் தன் படிக்கு ஏற்றிக் கொண்டார்.

பதக்கத்தோடு போனால் பரவாயில்லை. 1962 மார்ச் 24 அன்று நியூயார்க்கில் எமில் கிரிஃபித் 12-வது ரவுண்டில் பென்னி பரேட்டை மூலையில் வைத்து அடித்துக் கொண்டே இருந்தார். அனுபவசாலியான ரூபி கோல்ட்ஸ்டீன் நடுவில் புகுந்தபோது நேரம் கடந்திருந்தது. நினைவு திரும்பாமலே பத்து நாளில் பரேட் இறந்தார். இதைத் தெரிந்து கொண்டு 1990 மார்ச் 17 ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மெல்ட்ரிக் டெய்லர் மூன்று ஜட்ஜ்களில் இரண்டு பேரின் தாளில் முன்னிலையில் இருந்தார். 12-வது ரவுண்டின் கடைசி நொடிகளில் ஹூலியோ சீசர் சாவேஸ் அவரை விழ வைத்தார். எழுந்து நின்றவரிடம் ரெஃப்ரி ரிச்சர்ட் ஸ்டீல் கேள்வி கேட்டார், சரியான பதில் வரவில்லை, ஆட்டத்தை நிறுத்தினார். மிச்சம் இருந்தது இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியைப் பற்றி இன்றைக்கும் சண்டை ஓயவில்லை. ஆனால் ரெஃப்ரி கடிகாரத்தைப் பார்க்க வேண்டுமா, எதிரில் நிற்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டுமா? ஸ்டீல் கண்ணைப் பார்த்தார். அது சரி என்றுதான் தோன்றுகிறது, டெய்லர் ரசிகர்கள் எவ்வளவு கோபப்பட்டாலும்.

விகாஸ் ஆட்டத்தில் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. அதனால்தானோ என்னவோ அது சீக்கிரம் மறக்கப்பட்டது. ஸ்பென்ஸ் அடுத்த ஆட்டத்திலேயே ரஷ்யாவின் ஆந்த்ரே ஸம்கோவாயிடம் தோற்றார். பிறகு தொழில்முறைக்குப் போய் 2017-ல் உலகச் சாம்பியன் ஆனார். விகாஸ் 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். 2016 ரியோவில் காலிறுதியில் தோல்வி, 2021-ல் நடந்த டோக்கியோவில் தோளில் காயத்தோடு ஆடி முதல் ஆட்டத்திலேயே தோல்வி. ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.